செருப்புப் பெட்டியும் நுழைவுத்தேர்வும்

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நுழைவுத்தேர்வுக்கான மாதிரித் தாளில் ஓர் எண் வரிசைக்கு என் மகள் தவறான விடை எழுதினாள். பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதி வந்தது. அதைப் படித்தவள் தேர்வுக்கே போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நான் அப்படி எழுதிய கணக்கு டீச்சரிடம் சண்டைக்குப் போனேன். அந்தச் சண்டை ஒரு பேரத்தில் முடிந்தது. அதனால்தான் இன்று என் கடை மாடியில் இந்தப் பயிற்சி வகுப்பு திறக்கிறது.

இனி முறைப்படி வணங்குகிறேன். அவைக்கு அழகும் அமைதியும் சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, எண்ணும் எழுத்தும் ஊட்டும் ஆசிரியப் பெருமக்களே, கடைத்தெருவைக் கட்டிக்காக்கும் என் சக வணிகர்களே, பிள்ளையின் பையையும் சேர்த்துச் சுமந்து படியேறி வந்திருக்கும் தாய்மார்களே, இது எப்போது முடியும் என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும் அருமைக் குழந்தைகளே, உங்கள் அனைவருக்கும் இந்தச் செருப்பு வியாபாரியின் பணிவான வணக்கம்.

“பணிவெல்லாம் எப்போலேருந்து மாமா?” என்று என் மைத்துனர் கேட்கிறார். மைக் கையில் இருக்கும்வரை நான் பணிவானவன்தான் மச்சான், உட்காருங்கள்.

கேள்வி இதுதான். ஆறு, ஏழு, ஏழு, எட்டு, எட்டு, எட்டு, ஒன்பது, ஒன்பது. அடுத்து இரண்டு கட்டங்கள் காலி. ஆறு ஒருமுறை, ஏழு இருமுறை, எட்டு மும்முறை வந்தால் ஒன்பது நான்கு முறை வர வேண்டும். ஆகவே இரு கட்டங்களிலும் ஒன்பது. என் மகளோ முதல் கட்டத்தில் பத்து என்று எழுதினாள். இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டாள்.

ஏன் விட்டாள்? ஆண்கள் செருப்பு எங்களுக்கு மொத்தப் பெட்டியாக வரும். ஒரு பெட்டியில் ஆறாம் அளவு ஒரு ஜோடி, ஏழு இரண்டு, எட்டு மூன்று, ஒன்பது இரண்டு, பத்து ஒன்று. சின்னக் காலும் பெரிய காலும் குறைவு. நடுத்தரக் கால்தான் எங்கள் கடையை நடத்துகிறது. பள்ளி விட்டு வந்ததும் பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்குவது அவளுக்கு விளையாட்டு. தாளில் அந்த வரிசையைக் கண்டதும் “நம்ம பெட்டிதானே” என்று பத்தை எழுதிவிட்டாள். பத்தோடு பெட்டி நிறைந்தது. மிச்சக் கட்டத்துக்குச் செருப்பு ஏது?

சொல்லுங்கள், இதற்குப் பெயர் கவனக்குறைவா? கண்ணால் கண்டதை, கையால் அடுக்கியதைக் கருத்தில் நிறுத்தி எழுதியவளுக்கா கவனம் குறைவு?

இப்படித்தான் டீச்சர் வீட்டு வாசலில் நின்று முழங்கினேன். “என் பொண்ணு கவனமாத்தான் போட்டிருக்கா டீச்சர். கடைக்கு வந்து பாருங்க.”

“வர்றேங்க. ஆனா கேள்வி போட்டவர் உங்க கடைக்கு வரமாட்டாரே.”

மொத்த வியாபாரிகளை மடக்கிய நான் வந்த வழியே கடைக்குத் திரும்பினேன். கைதட்டாதீர்கள் தாய்மார்களே, இன்னும் இருக்கிறது.

மறுநாள் மாலை டீச்சர் வந்தார். வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்திருந்த என் மகளைக் கூப்பிட்டு, “ஏம்மா பத்து போட்ட?” என்று கேட்டார். அவள் பெட்டியைப் பிரித்துக் காட்டினாள். டீச்சர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்து ‘கவனக்குறைவு’ என்பதை அடித்தார்.

“கடைக்கு உன் கணக்கு சரி. ஆனா தாள்ல பெட்டி இல்லையே. அங்க இருக்கிற நம்பரை மட்டும் பாரு. இப்போ என்ன வரும்?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “ஒன்பது நாலு தடவை வரும் மிஸ். ஆனா விக்காது.”

“விக்க வேண்டாம் தங்கம். எழுதினா போதும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் என் மகள் அல்லவா, நிபந்தனை வைத்தாள். “மறுபடி தப்பா போட்டா அதே மாதிரி எழுதுவீங்களா?”

“உன்னைக் கேக்காம எழுத மாட்டேன்.”

“அப்போ பரீட்சைக்கு வர்றேன்.”

இதேபோல் மற்ற பிள்ளைகளுக்கும் என் கடை மாடியில் சொல்லிக்கொடுங்கள் என்று அங்கேயே டீச்சரிடம் பேரத்தைத் தொடங்கினேன்.

பெற்றோர்களே, எண் வரிசை என்பது என்ன? ஏறுமா இறங்குமா, பெருகுமா குறையுமா, மாறி மாறி வருமா என்று தேடிப் பார்க்கும் துணிச்சல். அந்தத் துணிச்சலை விடைத்தாளை மனப்பாடம் செய்தா வாங்க முடியும்? எந்தக் கடையில் விற்கிறார்கள், சொல்லுங்கள், மொத்தமாக நானே எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை ஒரு விதியைச் சொன்னால் முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை அது பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் அடுத்த விதியைத் தேடட்டும். தேடத் தெரிந்த பிள்ளை எந்தப் பள்ளியின் கதவையும் தட்டும், திறக்கும், உள்ளே போகும். என் மகள் அடுத்த மாதம் தேர்வு எழுதுகிறாள். தெம்பாகவே எழுதுவாள்.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும் தாய்மார்களுக்கும், கொட்டாவியை அடக்கிக்கொண்ட குழந்தைகளுக்கும் நன்றி கூறி வணங்குகிறேன். டீச்சரும் நானும் பேசி முடித்த பேரத்தைச் சபையறியச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். வகுப்பு டீச்சருடையது, பிள்ளைகளிடம் என்ன வாங்குவது, யாரிடம் வாங்காமல் விடுவது என்பதும் அவர் முடிவு. வகுப்பு நேரத்தில் நான் மாடி ஏறக் கூடாது. எந்தப் பிள்ளையின் விடையையும், ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்காமல் அவர் தவறு போடக் கூடாது. இந்தப் பேச்சுப்படி வகுப்பு நடக்கும்வரை மாடிக்கு வாடகை கிடையாது.