மூட்டாத அடுப்பு

அமுத்தாள்: அட… தல தட்டலயே ஒனக்கு!

பெலத்தியா: என்னம்மா?

அமுத்தாள்: இந்த வாச நெல குட்டை தம்பி. புதுசா வர்றவங்க யாரா இருந்தாலும் ஒரு இடி வாங்கிட்டுத்தான் உள்ள வருவாங்க. இப்பத்தான் ஆடு வாங்க வந்த ஒருத்தன் நெத்தி புடைச்சுப் போனான்.

பெலத்தியா: நான் பாத்து வந்தேன்.

அமுத்தாள்: வெயில்லேருந்து உள்ள வந்தா கண்ணு இருட்டிக்கும். நீ பாத்தியாக்கும்… சரி, உக்காரு. என் பேரு அமுத்தாள். நீ யாரு? உடம்பெல்லாம் புழுதி, மலை மேல வேலையா?

பெலத்தியா: ஆமாம்மா. பெலத்தியான்னு பேரு. பாபிலோன்லேருந்து திரும்பி வந்தவங்கள்ல ஒருத்தன். ஆலயம் இருந்த எடத்துல மொதல்ல பலிபீடம் கட்டப்போறோம். எக்காளப் பண்டிகைக்குள்ள முடிச்சாகணும். அதுக்குக் கல்லு தேடி வீடு வீடா…

அமுத்தாள்: எருசலேமுல கல்லுக்கா பஞ்சம்! தடுக்கி விழுந்தாக்கூட இங்க கல்லு மேலதான் விழணும்.

பெலத்தியா: உளி படாத கல்லு வேணும். இரும்பு தொட்டத பலிபீடத்துல வைக்கக் கூடாதே. அதுலயும் பழைய பீடத்துக் கல்லு கெடச்சா உத்தமம்னு பெரியவங்க சொல்றாங்க. ஒன்னுகூடக் காணோம்.

அமுத்தாள்: …என்கிட்ட அதெல்லாம் கெடையாது. இரு, மாவு பெசையறேன். வெளி முத்தத்துல நெருப்பு இருக்கு, சூடா ரெண்டு ரொட்டி தின்னுட்டுப் போ.

பெலத்தியா: எனக்கா? வேணாம்மா. சாப்பிட்டாச்சு.

அமுத்தாள்: பொய். ஒன் வயிறு கத்துறது இங்க கேக்குது.

பெலத்தியா: தப்பா எடுத்துக்காதீங்க. இங்கயே தங்கிட்ட தேசத்து ஜனங்க வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு பெரியவங்க…

அமுத்தாள்: தேசத்து ஜனமா! நானும் யூதா பொண்ணுதான்டா தம்பி.

பெலத்தியா: தெரியும்மா. ஆனா இத்தன வருஷமா ஏதோமியரோட, கண்டவங்களோட கலந்து கெடந்தீங்க. யாரு எப்படி இருந்தாங்கன்னு நாங்க என்னத்தக் கண்டோம்?

அமுத்தாள்: ஓகோ. போனவங்க சுத்தம், இருந்தவங்க அழுக்கு. நல்லா இருக்கு ஒங்க நியாயம்! நான் பெசையத்தான் போறேன். தின்னா தின்னு, தின்னாட்டிப் போ.

பெலத்தியா: கெணத்தடியில இருந்த அத்தி மரம் எங்கம்மா?

அமுத்தாள்: அத்தி மரம் இருந்துச்சுன்னு யாரு சொன்னா ஒனக்கு?

பெலத்தியா: இல்ல… வேர் கெடந்த குழி மாதிரி தெரிஞ்சுது.

அமுத்தாள்: பட்டுப்போச்சு. வெட்டிட்டோம்.

பெலத்தியா: ஐயோ!

அமுத்தாள்: ஒனக்கென்ன தம்பி அம்புட்டு துக்கம்?

பெலத்தியா: நல்ல மரம்… நெழல் கொடுத்திருக்குமேன்னுதான்.

அமுத்தாள்: இப்பல்லாம் எவன் வீட்டச் சுத்திப் பாத்தாலும் எனக்குப் பயந்தான். அடுத்த தோட்டத்துக்கு ஒருத்தன் வந்தான். எங்க தாத்தா வீடுன்னான். அம்புட்டுத்தான், அங்க இருந்த குடும்பம் இப்ப குகையில கெடக்கு.

பெலத்தியா: தாத்தா வீடுன்னா கேக்க மாட்டாங்களாம்மா?

அமுத்தாள்: கேக்கட்டும். நியாயந்தான். இதுவும் எங்களுது இல்ல. எங்கப்பா இந்தத் தோட்டத்துல திராட்சக்கொடி கவாத்து பண்ணின கூலியாளு. பாபிலோன்காரனுங்க வீட்டுக்காரரச் சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போனானுங்க. எங்கள மாதிரி ஏழபாழைங்கள எவன் சீண்டினான்? விட்டுட்டுப் போனானுங்க. வீடு இருண்டு கெடக்க வேணாம்னு நாங்க உள்ள வந்து வெளக்கேத்தினோம்.

பெலத்தியா: அவங்க ஆளுங்க வந்து கேட்டா?

அமுத்தாள்: போயிடுவேன். எங்க போவேன்னு கேக்காத, எனக்கே தெரியாது. இந்த அடுப்ப விட்டுட்டுப் போகத்தான் மனசு வராது.

பெலத்தியா: அதான் கேக்கணும்னு இருந்தேன். இத்தாப்பெரிய அடுப்ப உள்ள வச்சுக்கிட்டு, ஏன் முத்தத்துல மூணு கல்லு கூட்டிச் சமைக்கிறீங்க?

அமுத்தாள்: பொகை ஆகாது எனக்கு.

பெலத்தியா: மழ பெஞ்சா?

அமுத்தாள்: ஆட்டுத்தோலக் கட்டிக்கிட்டுச் சமைப்பேன். எம்புருஷன் கடைசி வரைக்கும் திட்டினான். நனைஞ்ச ரொட்டி தின்னே நான் செத்துடுவேன்டின்னான். பாவம், காய்ச்சல்லதான் செத்தான்.

பெலத்தியா: ஒன்னு கேக்கவாம்மா? ஆலயம் எரிஞ்ச மலையப் பாத்துக்கிட்டு, சாமி இல்லாத ஊர்ல எப்படி இருந்தீங்க இத்தன காலம்?

அமுத்தாள்: சாமி இல்லன்னு எவன் சொன்னான்?

பெலத்தியா: அவருதான் எங்ககூட வந்துட்டாரே. கால்வாய்க் கரைக்கு, செங்கல் சூளைக்கு… எங்கப்பா அப்படித்தான் சொல்லுவாரு.

அமுத்தாள்: ஓ, ஒங்ககூட வந்துட்டாரா! அப்ப இங்க மழைய யாரு கொடுத்தா? எம்புள்ளைங்க ரெண்டையும் நான் மண்ணுல வச்சப்ப பக்கத்துல யாரு நின்னா?

பெலத்தியா: தெரியலம்மா.

அமுத்தாள்: எனக்கும் அந்தக் கலக்கம் உண்டு. ஊரே சொல்லுச்சு, போயிட்டாருன்னு. புள்ளைங்கள இழுத்துட்டுப் போறப்ப பெத்தவன் பின்னாடியே ஓட மாட்டானா, அந்த மாதிரி கெழக்கால போயிட்டாருன்னு. அதனால சாயங்காலம் ஆனா தோட்டத்து மேட்டுல ஏறி கெழக்கப் பாத்துக் கும்பிடுவேன். போனவரு எங்களயும் நெனச்சுத் திரும்பி வரட்டும்னு.

பெலத்தியா: கெழக்கப் பாத்தா? எங்கப்பா மேக்கப் பாத்துல்ல நிப்பாரு, தெனமும்! சாமி நம்மகூட இருக்காருன்னா அங்க என்னப்பா பாக்குறேன்னு கேட்டு, அறையே வாங்கியிருக்கேன்.

அமுத்தாள்: அவரு மேக்க… நான் கெழக்க…

பெலத்தியா: ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான் நின்னிருக்கீங்க.

அமுத்தாள்: நடுவுல பாலைவனம்.

பெலத்தியா: நடுவுல அவரு நின்னிருப்பாரோ?

அமுத்தாள்: பாவம், எந்தப் பக்கம் திரும்புவாரு! …ஒங்கப்பாவும் வந்திருக்காரா?

பெலத்தியா: இல்லம்மா. ராஜா நம்மள அனுப்புறாருங்குற சேதியக் கேட்டாரு. சிரிச்சாரு. அதோட கண்ண மூடிட்டாரு.

அமுத்தாள்: போயிட்டாரா…

பெலத்தியா: ஏம்மா கண்ணு கலங்குது?

அமுத்தாள்: பொகை. இரு, ரொட்டியத் திருப்பிட்டு வர்றேன்.

பெலத்தியா: இங்க பொகையே இல்லயே… அம்மா, இந்த அடுப்புக் கல்லு! உளி படாத கல்லு மாதிரி இருக்கே!

அமுத்தாள்: வந்துட்டேன், வந்துட்டேன். அது அடுப்புக் கல்லு. நீ போய் வேற வீட்டுல பாரு.

பெலத்தியா: கரியே இல்லயே.

அமுத்தாள்: கழுவுவேன்.

பெலத்தியா: கழுவினாப் போற கரியா அது? நல்ல கல்லும்மா. ரெண்ட மட்டும் எடுத்துக்கிறேன். நாளைக்கே வேற கல்லு வச்சுப் பூசித் தர்றேன். பையில உளி இருக்கு, சந்துல விட்டு நெம்பினா…

அமுத்தாள்: வேணாம்! அத எடுக்காத!

பெலத்தியா: மெதுவாத்தான்மா…

அமுத்தாள்: இரும்பு படக் கூடாது அதுல! கீழ போடு! போடுறா கீழ!

பெலத்தியா: …போட்டுட்டேன்.

அமுத்தாள்: பலிபீடத்துக்குக் கல்லு தேடுறவன் உளியோட வருவானா? அறிவு இருக்கா ஒனக்கு?

பெலத்தியா: செங்கல் ஊர்ல பொறந்தவன்மா. கல்லுன்னு ஒன்ன இங்க வந்துதான் தொட்டேன். பேச்சுல ஞாபகம் இருக்கு, கை மறந்துடுது. அது கெடக்கட்டும்… அடுப்புக் கல்லுல இரும்பு பட்டா ஒங்களுக்கு என்ன?

அமுத்தாள்: ஒன்னுமில்ல.

பெலத்தியா: அப்ப ஏன் குறுக்க வந்து நிக்கிறீங்க? …இதுல நீங்க நெருப்பே மூட்டினதில்ல.

அமுத்தாள்: இல்ல.

பெலத்தியா: எங்கேருந்து வந்துச்சு இந்தக் கல்லு?

அமுத்தாள்: மலை மேலேருந்து.

பெலத்தியா: ஆண்டவரே…

அமுத்தாள்: பாபிலோன் சேன வந்து பலிபீடத்து வெண்கலத்தையெல்லாம் ஒடைச்சு வாரிக்கிட்டுப் போச்சு. அடியில கெடந்த கல்ல சீந்த ஆளில்ல. அப்புறம் அக்கம்பக்கத்தான் ஆட்டுப்பட்டி கட்ட அள்ள ஆரம்பிச்சான். எங்கப்பாவுக்கு மனசு பொறுக்கல. கூடையில கல்ல வச்சு, மேல கவாத்து பண்ணின கொடியப் போட்டு மூடி, ஒன்னொன்னாக் கொண்டாந்தாரு. கூடைக்கு இந்தப் பக்கம் நான் பிடிச்சேன். சின்னப் பொண்ணு, உள்ளங்கை தோலே உரிஞ்சுபோச்சு.

பெலத்தியா: அடுப்பா ஏன் அடுக்கினாரு?

அமுத்தாள்: அடுப்ப எவன் சந்தேகப்படுவான்? ஆனா ஒன்னு சொன்னாரு. இதுல ஏத்த வேண்டிய நெருப்பு ஒன்னுதான்டி, அத ஏத்துறவங்க வருவாங்க, அதுவரைக்கும் நீ வெளியில சமைன்னாரு. எம்புருஷன்கிட்டக்கூட வாயத் தொறக்கல நான்.

பெலத்தியா: நான் வந்து கேட்டதும் சொல்லியிருக்கலாமேம்மா! கெடையாதுன்னீங்களே?

அமுத்தாள்: கல்ல வாங்கிப்பீங்க. காத்தவ கை தீட்டுன்னுவீங்க. என் வீட்டுல கை நனைக்காதவன்கிட்ட எப்படித் தம்பி தூக்கிக் கொடுக்கறது?

பெலத்தியா: நீங்க கேக்குறது நியாயந்தாம்மா.

அமுத்தாள்: சரி, எடுத்துட்டுப் போ. அது என் சொத்தா என்ன? ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். ஒரு கல்ல மலை வரைக்கும் நானே சொமந்து வரணும். கீழ கொண்டாந்த கை, மேலயும் கொண்டு போகட்டும்.

பெலத்தியா: பெரியவங்க கேப்பாங்க… யாரு மக, எந்த வம்சம்னு.

அமுத்தாள்: கூலியாளு பொண்ணுன்னு சொல்லு.

பெலத்தியா: யாரு வீட்டுக் கல்லுன்னும் கேப்பாங்க.

அமுத்தாள்: அதுக்கு என்ன சொல்லுவ?

பெலத்தியா: …

அமுத்தாள்: என்ன தம்பி, மென்னு முழுங்குற?

பெலத்தியா: அமுத்தாள் வீட்டு அடுப்புக் கல்லுன்னு சொல்லுவேன்.

அமுத்தாள்: என் வீடா? எங்களுது இல்லன்னு இப்பத்தானே சொன்னேன்.

பெலத்தியா: ஒங்க வீடுதான். இனிமே எவன் வந்து நின்னாலும் இது ஒங்க வீடுதான். …அந்த ரொட்டி இருக்கா அக்கா?

அமுத்தாள்: அக்காவா? இம்புட்டு நேரம் அம்மா, அம்மான்ன?

பெலத்தியா: பசிக்குதுக்கா.

அமுத்தாள்: தேசத்து ஜனத்துக் கை தம்பி இது.

பெலத்தியா: கல்லு சொமந்த கை. கொடுங்க.

அமுத்தாள்: …இந்தா. சுடும், பாத்து. நல்லா மென்னு தின்னு. வீடு எனக்குன்னு சொன்னியே, அத பெரியவங்க முன்னாடியும் சொல்லணும். வேற எவன் சொன்னாலும் செல்லாது, நீ சொன்னாத்தான் செல்லும்.

பெலத்தியா: நான் சொன்னா மட்டும் எப்படிக்கா… அக்கா! கல்லு ஒரு சாக்கு. வீட்டக் கேக்கத்தான் வந்தேன். ஆனா நான் வாயே தொறக்கலயே… ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

அமுத்தாள்: நீ தல குனிஞ்சு நுழைஞ்சப்பவே. எங்களத் தவிர, பாக்காமலே அந்த நெலைக்குக் குனியிறது ஒங்கப்பா ஒருத்தருதான். ஒனக்கும் சொல்லிச் சொல்லி வளத்திருக்காரு. அதான் ஒடனே மாவு பெசைய உக்காந்தேன்… வீட்டுக்காரர் இத்தன தூரம் நடந்து வந்திருக்காரு, வெறும் வயித்தோடயா அனுப்புவேன்?