முப்பத்தேழு டிகிரியில் வளர்ந்தது

ஆய்வகத்தில் எல்லாருடைய டீ கிளாஸையும் நான்தான் கழுவி வைப்பேன், ஐயா. யாரும் சொல்லிச் செய்வதில்லை. அழுக்கைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

செடியின் வேரை ஒட்டி ஒரு பச்சைப் பூஞ்சை வாழ்கிறது. வேரை அழுகவைக்கும் வேறு பூஞ்சை பக்கத்தில் வந்தால், அதன் மேல் படர்ந்து, ஒரு நொதியைச் சுரந்து, மேல்தோலைக் கரைத்துக் குடித்துவிடும். பயிருக்கு நல்லது. உடம்புச் சூட்டில் வளராது என்பதால் மனிதருக்கும் பயமில்லை. நொதியை அதிகமாகச் சுரக்கும் வகையைத் தேடியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது எனக்கு.

ஒரு சனிக்கிழமை, வளர்ப்புப் பெட்டியை இருபத்தேழு டிகிரியில் வைப்பதற்குப் பதில் முப்பத்தேழில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். திங்களன்று பார்த்தால் பூஞ்சை வளர்த்த மற்ற எல்லாத் தட்டும் காலி, ஒன்றில் மட்டும் பச்சை. அளந்தேன். நொதி நாலு மடங்கு. உடம்புச் சூட்டில் வளர்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே எரித்துவிடுவார்கள். அதனால் இருபத்தேழு என்றே எழுதிவைத்தேன். சின்னப் பொய்தான்.

அக்கா என்று நாங்கள் கூப்பிடுபவர் எங்கள் மூத்த ஆய்வாளர். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், எதிர்ப்புச் சக்தியை அடக்க தினமும் மாத்திரை போடுவார். நன்றாக வளர்ந்த இந்தப் பூஞ்சை தேங்காய் மாதிரி மணக்கும். எங்கள் ஆட்கள் தட்டைத் திறந்து முகர்ந்துதான் பார்ப்பார்கள். "உன் பிள்ளை கமகமன்னு இருக்கே, தம்பி," என்று அவரும் மூக்கருகே வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் கூடச் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கி மூடிவைத்தேன்.

ஐந்தாவது வாரம் படுத்துவிட்டார். நுரையீரலில் பூஞ்சை. என்ன வகை என்று தெரிந்தால் அதற்கேற்ற மருந்து கொடுக்கலாம் என்று, மருத்துவமனையிலிருந்து மாதிரியை எங்களுக்கே அனுப்பினார்கள். நுண்ணோக்கியில் கண் வைத்ததுமே தெரிந்துவிட்டது. 'இனம் காண முடியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பார்க்கப் போனபோது கேட்டார். "என்ன பூஞ்சைன்னு தெரிஞ்சுதா?"

"தெரியலக்கா."

"நீ பாத்தே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியப்போகுது. விடு. சாப்பிட்டியா?"

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் போவேன். அந்த இருமலைக் கேட்டதும் பயந்து திரும்பிவிடுவேன். ஆமாம், தெரிந்தேதான் சாக விட்டேன்.

இப்போதும் பயம் விட்டபாடில்லை. மாதம் ஒருமுறை அந்தப் பூஞ்சையைப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும்; வியாழக்கிழமையோடு கெடு முடிகிறது. என்னை இங்கே ஸ்டேஷனிலேயே உட்காரவைத்தால் அது பட்டுப்போய்விடும், ஐயா. பொறுப்பான ஆள் யாரிடமாவது சொல்லிவையுங்கள்.