இரண்டாவது டாங்கி

உங்கள் ஸ்டேஷன் பிளேன்டீயில் சீனி அதிகம், ஐயா. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடித்து முடித்த பிறகுதான் சொல்கிறேன். அதுவும் உங்களைக் குறை சொல்வதற்காக அல்ல, என் பழக்கம் என்ன என்று முதலிலேயே விளங்கட்டும் என்பதற்காக. கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் வாய் திறக்கமாட்டேன்.

இது பிறவிக் குணம் இல்லை. என் தங்கை மகன் கஜீவன் பழக்கிவிட்டது.

பெயர் சவுந்தரநாயகம். வீடு வெள்ளவத்தையில், வேலை கொட்டாஞ்சேனை யார்டில். யார்ட் என்னுடையதல்ல, தங்கை பாலேஸ்வரியின் கணவருடையது. துறைமுகத்திலிருந்து கொன்டெய்னர் இழுக்கும் தொழில். முன்னால் இழுக்கும் லொறி, பிரைம் மூவர் என்போம், அதன் முதுகில் கொழுவிய ட்ரெய்லர், அதன்மேல் கொன்டெய்னர். மச்சான் பணம் போட்டார், நான் நடத்தினேன். எந்த லொறி எந்த மேட்டில் மூச்சு வாங்கும் என்று வெள்ளவத்தையில் படுத்திருந்தபடியே சொல்வேன்.

மச்சான் இறந்ததும் கஜீவன் மெல்பேர்னிலிருந்து வந்து இறங்கினான். முகாமைத்துவப் பட்டம். லொறிக்கு முன்பக்கம் எது என்பதை ஹெட்லைட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பான் என்று நினைக்கிறேன். வந்த வாரமே எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தான். டயர் மாற்றுவதைப் பற்றி ஏதோ பிழையாகச் சொன்னான். நான் திருத்தினேன். அவ்வளவுதான்.

"மாமா, பிளீஸ்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "நான் கேட்டா மட்டும் சொல்லுங்கோ. சும்மா சும்மா இடையில பூராதேங்கோ."

டிரைவர்மார், மெக்கானிக்மார், தேநீர் கொண்டுவரும் பேச்சியம்மா எல்லோரும் நின்றார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி தம்பி" என்றேன். சொன்னால் சொன்னபடி நடப்பவன் நான். அன்றிலிருந்து நடந்தேன்.

அன்று மாலை தங்கை கிருலப்பனையிலிருந்து போன் எடுத்தாள். "அண்ணா, அவன் வாயால கெட்டவன், மனசில ஒண்டுமில்லை. நீங்கதான் அவனைப் பாத்துக்கொள்ள வேணும்." அதுவும் ஒரு கேள்வி இல்லை, ஐயா. கவனித்தீர்களா?

இப்போது டாங்கிக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்துக்குக் கொன்டெய்னர் இழுக்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. போய்த் திரும்பும்வரை எந்தப் பெற்றோல் ஷெட்டிலும் நிற்கக்கூடாது என்பது கஜீவனின் எண்ணம். எரிபொருள் வரிசைக் காலத்தை அவன் மெல்பேர்னிலிருந்து போனில் பார்த்துப் பயந்தவன். வரிசையில் நாட்கணக்காக நின்ற எங்களுக்கு அவ்வளவு பயம் இல்லை, அவனுக்குத்தான் கனவிலும் வரிசை. இன்னொன்று, வழியில் நிறுத்தினால் டிரைவர்மார் டீசலை உறிஞ்சி விற்பார்கள் என்று அவன் நினைத்தான். ஆகவே புது பிரைம் மூவருக்கு இரண்டாவது டாங்கி ஒன்று பூட்ட வேண்டும்.

நல்ல யோசனைதான். கேட்டிருந்தால் அப்படியே சொல்லியிருப்பேன்.

பேலியகொடையில் ஹபீஸ் நானாவின் பட்டறைக்குப் போனோம். கஜீவன் வரச்சொன்னான், போனேன். அங்கே இரண்டு டாங்கி வைத்திருந்தார்கள். ஒன்று லொறியின் பக்கவாட்டில், சட்டத்தோடு ஒட்டிக் கட்டும் இரும்பு டாங்கி. கறுப்பு, அழகில்லை, உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு. வளைவில் டீசல் ஒரே பக்கமாகப் பாய்ந்து லொறியைத் தள்ளாமல் அவை பிடித்துக்கொள்ளும். மற்றது அலுமினியம். உயரமானது. கெபினுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் அலுமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கும். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. கஜீவன் பார்த்தான். தலைமயிரையும் சரிசெய்துகொண்டான்.

"இது போட்டா லொறி மாப்புள மாதிரி ஈக்கும் தம்பி," என்றார் ஹபீஸ். வியாபாரி, விலை கூடியதைத்தானே புகழ்வார். ஆனால் நேர்மையான மனிதர், உடனே என் பக்கம் திரும்பினார். "சவுந்தரம் ஐயா என்ன செல்றீங்க?"

வாய் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன், ஐயா. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

"மாமாவைக் கேக்கிற நேரம் நான் கேப்பன்," என்றான் கஜீவன்.

மூடிக்கொண்டேன்.

பிறகு அவன் என்னைக் கேட்கத்தான் செய்தான். எத்தனை லீட்டர் பிடிக்கும் என்று கேட்டான், சொன்னேன். அலுமினியம் துருப்பிடிக்குமா என்று கேட்டான், பிடிக்காது என்றேன். எங்கள் பெயரை அதில் சிவப்பில் எழுதினால் வடிவா, நீலத்தில் எழுதினால் வடிவா என்று கேட்டான். நீலம் என்றேன். ஒரு கேள்விக்கும் பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாதவனுக்கு உலகத்தில் உள்ள உண்மை எல்லாம் சொன்னாலும் பிரயோசனம் இல்லை.

பூட்டிய அன்று அளந்து பார்த்தான். அதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். லொறியும் ட்ரெய்லரும் நேர்கோட்டில் நிற்கின்றன. டாங்கிக்கும் ட்ரெய்லரின் மூக்குக்கும் நடுவில் கையை விட்டான். "ஒரு முழம் இடம் இருக்கு மாமா! தாராளம்!" டேப்பின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். டேப் பிடி என்றான், பிடித்தேன்.

இதிலுள்ள பிழை உங்களுக்கு உடனே விளங்காது, குறை நினைக்காதீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் இந்த ஃபைலை எடுங்கள். நடுவில் விரலை வைத்துத் திருப்புங்கள். பார்த்தீர்களா, விளிம்பு நேராக நிற்கும்போது இருந்த இடத்தைத் தாண்டி மூலை முன்னுக்குப் போகிறது. ட்ரெய்லரும் அப்படித்தான். தன் அடியில் உள்ள ஓர் ஆணியால் லொறியின் முதுகில் கொழுவித் திரும்புகிறது. ஆகவே ட்ரெய்லர் இழுக்கும் லொறிக்கு டாங்கி வாங்குபவன் நேராக நிறுத்தி அளக்கமாட்டான். முழுதாக மடக்கி நிறுத்திவிட்டு அளப்பான். பழைய லொறிக்காரர் எல்லோருக்கும் தெரியும். பட்டதாரிக்குத் தெரியாது.

எங்கள் பழைய ட்ரெய்லர்களில் அந்த ஆணி மூக்குக்குக் கிட்ட இருக்கும். மடக்கினாலும் நாலு விரல் தப்பும். வருடக்கணக்கில் ஓடலாம், ஒன்றும் நடக்காது. புதிதாக வாங்கிய ட்ரெய்லரில் ஆணி நன்றாகப் பின்னுக்கு. அதன் மூலை டாங்கியைத் தேடி வரும்.

முதல் ஓட்டத்துக்கு முதல்நாள் கஜீவன் என்னிடம் வந்தான். நெற்றியில் விபூதி, நல்ல சந்தோசம். "மாமா, நாளைக்கு எந்த ட்ரெய்லர் கொழுவுவம்? வீடியோ எடுத்து பேஸ்புக்கில போடப்போறன்."

கேட்டுவிட்டான். ஆகவே சொன்னேன்.

"வீடியோவுக்கென்றால் புதுசுதான் வடிவு, தம்பி."

உண்மைதானே. புதுசுதான் வடிவு.

டிரைவர் முர்ஷித். அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முகத்துவாரம் பக்கம் வீடு, ஷிஹாரா என்று மனைவி இருப்பதாக நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். நல்ல கை. பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவருவான். யார்டில் பிளேன்டீ ஊற்றும்போது, "சேர், சீனி போடவா வாணாமா?" என்று கேட்பவன் அவன் ஒருவன்தான். பேச்சியம்மாகூடக் கேட்கமாட்டாள்.

காலையில் எலுமிச்சம்பழம் நசித்து, தேங்காய் உடைத்து, துறைமுகத்துக்குப் போனார்கள். கஜீவன் பக்கத்து சீட்டில். கொன்டெய்னர் ஏற்றிக்கொண்டு, யாழ்ப்பாணம் புறப்படும்வரை யார்டில் நிறுத்திவைக்க, வெயில் ஏறும் நேரம் வாசலுக்கு வந்தார்கள். ரோட்டில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. ரோட்டில் அவ்வளவு மடக்கத் தேவையில்லை. எங்கள் வாசலில்தான் தேவை. ஒழுங்கை ஒடுக்கம், சந்து மாதிரி, வலது பக்கம் மதில். கெபினை மதிலோடு ஒட்டவைத்து, முழுதாக மடித்து, பின்பக்கமாக உள்ளே தள்ள வேண்டும். அதற்கு ஒருவர் வெளியே நின்று கைகாட்ட வேண்டும். பல வருடமாகக் கைகாட்டுபவன் நான்.

கஜீவன் வாசலில் இறங்கிவிட்டான். வீடியோ எடுக்க.

இந்த இடத்தில் நீங்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். யாருக்கு வைத்தது யாரில் போய் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். இல்லை, ஐயா. நான் யாருக்கும் எதையும் வைக்கவில்லை. பளபளக்கிற டாங்கி நசுங்க வேண்டும், டீசல் ஒழுக வேண்டும், அந்த வீடியோவில் அது விழ வேண்டும். அதற்குப் பிறகு அவன் எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்து, "ஏன் மாமா இப்படி?" என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவை. அதுதான் எனக்குத் தேவைப்பட்டது. அவன் கெபினுக்குள் இருந்தால் என்ன, வெளியே நின்றால் என்ன.

அந்த டாங்கிக்கு ஒரு சாண் தள்ளிப் புகைக்குழாய் நிமிர்ந்து நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இடது பக்கத்தில். டீசல் சும்மா பற்றாது என்று உங்கள் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். சரிதான். நிலத்தில் ஊற்றினால் பற்றாது. பாரம் இழுத்துக் கொதித்துப்போன குழாயில் விசிறினால் பற்றும். இதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கைகாட்டினேன். முர்ஷித் மடித்தான். ட்ரெய்லரின் மூலை டாங்கியை நோக்கி மெல்ல மெல்ல வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. வலது கதவுக்கு மதில் ஒட்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினேன்.

மூலை குத்தியது. பெரிய சத்தமில்லை, தகரப் பேணி நசுங்குகிற மாதிரித்தான். பிறகு இடது பக்கம் நெருப்பு. வலது பக்கம் மதில்.

கஜீவன் போனைக் கீழே போட்டுவிட்டு, "மாமா! என்ன செய்யிறது மாமா? மாமா!" என்று கத்தினான். கடைசியில் கேட்டான். முன் கண்ணாடியை உடை என்றேன். உடைத்தார்கள். நேரம் பிந்திவிட்டது.

அன்றிலிருந்து அவன் என்னை ஒவ்வொன்றுக்கும் கேட்கிறான், ஐயா. எந்த டயர், எந்த எண்ணெய், முர்ஷித் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது, எல்லாம். பெட்டிப்பாம்பு மாதிரி இருக்கிறான். நல்ல பிள்ளையாக வந்துவிட்டான். தங்கைக்கும் என்மேல் மரியாதை.

ஆகவே என் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்பது உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். மௌனமாக இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். கேட்டதற்கெல்லாம் உண்மை சொன்னேன். கேட்டிருந்தால், ஒரே ஒரு தடவை சரியான கேள்வியைக் கேட்டிருந்தால், அந்த மனிதன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

வீடியோவா? ஓம், அது கஜீவனின் போனில் இருக்கும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள் போல. அதில் மடக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் முர்ஷித் ஜன்னலால் தலையை நீட்டி என்னிடம் ஏதோ சொல்கிறான் என்கிறீர்கள். லொறிச் சத்தத்தில் விளங்கவில்லையாக்கும். நான் சொல்கிறேன், கேட்டால் சொல்பவன்தானே.

"சேர், மடிக்கிற நேரம் ட்ரெய்லர்ட மூக்கு டாங்கில படாதா?" என்று கேட்டான்.

"படாது, வா" என்றேன்.

கஜீவன் பார்த்துக்கொண்டு நின்றான், ஐயா. அவன் கேட்காமல் நான் எப்படிச் சொல்வது? மற்றது, முர்ஷித் டிரைவர்தானே. அவன் கேட்டதை நான் கேள்வியாக எடுக்கவில்லை.