அந்தப் பறவையை உடைத்தவன்

மேடையில் வீற்றிருக்கும் அருங்காட்சியக இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் அம்மையாரின் மகளே, ஆய்வுக்கூடத் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கல்லுக்குள் கிடந்த பறவைகளுக்காக முப்பது ஆண்டுகள் உழைத்த பேராசிரியரை, நாம் செல்லமாகச் ‘சிட்டு மேடம்’ என்று கூப்பிட்ட அம்மையாரை, இழந்து நிற்கிறோம். அவரைப் புகழ உங்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு. எனக்கு உண்டா? இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், உள்ளங்கை அகலமே உள்ள ஒரு புதைபடிவப் பறவை நம் கூடத்தில் உடைந்தது. அலமாரிச் சாவி அம்மையார் பொறுப்பில் இருந்தது. பழி அவர் மேல் விழுந்தது. ‘கவனக்குறைவு’ என்று கோப்பில் எழுதினார்கள். அகழ்வுப் பணிக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள்.

அவர் உடைக்கவில்லை. உடைத்தவன் நான். மதிய இடைவேளையில், யாரையும் கேட்காமல், அவர் மேசையிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தேன். கையில் வைத்துப் பார்க்க ஆசை. நழுவிவிட்டது. துண்டுகளைத் தட்டில் அள்ளி வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். ஆம், சாப்பிடப் போனேன்! விசாரணையில் வாயைத் திறந்தேனா? குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மையார் என்ன செய்தார்? அறுபத்து மூன்று துண்டுகளையும் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து ஒட்டினார். ஒட்டுமுன் ஒவ்வொரு முறிவையும் நுண்ணோக்கியில் பார்த்தார். தொடையெலும்பின் முறிவில் வளர்ச்சி முடியாத அடையாளம் தெரிந்தது. சின்னஞ்சிறு இனம் என்று நாம் நினைத்தது, ஒரு பெரிய பறவையின் குஞ்சு! அயல்நாட்டு அறிஞர்கள் பாராட்டி எழுதினார்கள். கோப்பில் ‘கவனக்குறைவு’ என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு நாள் பசைக் குப்பியைக் கொடுக்கப் போனேன். நிமிராமலே சொன்னார்:

“கீழ விழுந்த கல்ல நான் ஒட்டிட்டு வரேன். விழுந்த நீங்க எப்ப எந்திரிக்கப் போறீங்க?”

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. குப்பியை வைத்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

மேடை ஏறுமுன் அவர் மகளிடம் சொன்னேன். “அம்மா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே சார்” என்றார்.

இன்று காலை இயக்குநரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோப்பைத் திருத்துவது அவர் கையில். அம்மையார் பிரிக்காமல் விட்டுப்போன ஒன்பது புதைபடிவப் பெட்டிகளைப் பிரித்து, அவர் குறிப்புகளின்படி வேலையை முடிப்பது என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் வருவேன். அந்தப் பறவையின் அடியிலுள்ள சீட்டில் ‘ஒட்டியவர்’ என்று அவர் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்கு மேல் வரியில், ‘உடைத்தவர்’ என்று என் பெயரை நானே எழுதுகிறேன்.