உள்பக்கக் கயிறு

– கயிறு உள்பக்கமா? வெளிப்பக்கம்னு சொல்ல வந்து வாய் தவறிச் சொல்லுதீங்களா?

– உள்பக்கந்தான் பொன்னு. டாக்டர் சார் அப்படித்தான் சொன்னாரு.

– பாய்மரப் படகைக் கரையில ஏத்தி வச்சு மேல கித்தான் மூடுனா, கட்டுதவன் வெளியல்லா நிப்பான்? கயிறு உள்ள இருந்தா யாரு முடிச்சுப் போடுவா?

– வேளிக் காயல் காத்து ஒனக்குத் தெரியாது, கேட்டியா. கயிறு வெளிய தொங்குனா படகை அடிச்சிக்கிட்டே கெடக்கும்.

– ஓ, காத்துக்கா. வெறுதே கேட்டேன்.

– சீக்கிரம் மடிச்சுத் தா. வெளிச்சம் இருக்கும்போதே போய் மாட்டணும்.

– ஒரு ஓரம் பாக்கி. ஊசி எறங்கவே மாட்டேங்கு. பிளவுஸ் தைக்க வாங்குன மெஷினாக்கும் இது. சாலைக் கடைத்தெருவுல கித்தான் தைக்க ஆளு எத்தனை பேரு கெடக்கானுவ. டாக்டரு நம்ம வீட்டுக்கு ஏன் குடுத்தாரு?

– ஒன் கை நல்ல கைன்னு நான்தான் சொன்னேன்.

– கல்யாணமான நாள்லேருந்து நான் தச்சதுல ஒண்ணைக்கூட நீங்க நல்லாருக்குன்னு சொன்னதில்ல.

– இப்ப சொல்லுதேன்லா.

– டாக்டர் சாரு ஊர்ல இருக்காரா?

– இருக்காரு. இல்ல, மகளைப் பாக்க லண்டன் போயிருக்காரு. ஞாயித்துக்கெழமை வருவாரு.

– லண்டன்லேருந்தா கயிறு உள்பக்கம்னு சொன்னாரு?

– போறதுக்கு முந்தி சொன்னாரு. நான் அவரு படகைப் பாத்துக்கிடுத ஆளு, சொன்னதைச் செய்யணும். அதாக்கும் விஷயம்.

– வெறுதே கேக்கேன். இங்க ஜன்னல் மாதிரி வெட்டிக் கொசுவலை வைக்கச் சொன்னீங்களே. பாய்மரத்தைக் கொசு கடிக்குமா?

– துலா மாச மழையில்லா. உள்ள காத்து போகலன்னா மரத்துல பூஞ்சை புடிச்சிரும்.

– என் பச்சைச் சேலையைக் காணல. அதுவும் மரத்துக்கா?

– படகு தொடைக்க எடுத்தேன்.

– கிழியாத சேலையை. ம். சோத்துப் பாத்திரமும் பெருசாயிட்டு. நீங்க ரெண்டு ஆளு சோறு கொண்டு போறீங்க, ஒடம்பு மட்டும் அப்படியேதான் இருக்கு.

– காத்துல பசிக்கும்.

– எவ அவ?

– ஏட்டி!

– சத்தம் வேண்டாம். கீழ்வீட்டு ஜெயஷீலா கேட்டா ஆரியசாலை முழுக்கப் போயிரும். எவளுன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு பொம்பளைக்கு நானே வீடு தச்சுக் குடுக்கேனான்னு தெரியணும்.

– எவளும் இல்ல. முத்தாரம்மன் மேல சத்தியம்.

– சாமியை இழுக்காதீங்க. என் தம்பி இசக்கி துபாயிலேருந்து வாராவாரம் கீழ்வீட்டுக்குப் போன் போட்டு, அக்கா சாப்பிட்டியான்னு கேக்கான். நீங்க வேளியில இருந்துக்கிட்டு, ராத்திரி வரலன்னு ஒரு வார்த்தை சொல்லல.

– அவனை எதுக்கு இப்ப இழுக்க?

– இழுத்தா என்ன? சின்னதுல ஒரே பாயிலதான் கெடந்தோம். காலை மடக்கி முட்டு ரெண்டும் மேல நிக்கத்தான் தூங்குவான். போர்வை கூடாரம் மாதிரி நிக்கும், எனக்கு எட்டாது. இப்ப ஏசி ரூம்ல கெடக்கான். என் வளையலைக் கழத்திக் குடுத்து அனுப்புனதுக்கு அவனாவது நல்லாருக்கான்.

– ம்.

– மூஞ்சி ஏன் அப்படிப் போவுது?

– ஒண்ணுமில்ல. கவரைத் தா.

– போன ஞாயித்துக்கெழமை அவன் பாதிப் பேச்சில வச்சிட்டான். ஏன்னு கேளுங்க.

– ஏன்?

– பெறவு சொல்லுதேன். மொதல்ல இதைச் சொல்லுங்க. இந்த எடத்துல மட்டும் ஏன் தூக்கித் தைக்கச் சொன்னீங்க?

– மழைத்தண்ணி தேங்காம வழிஞ்சு ஓட.

– அப்படின்னா முன்னாலேருந்து பின்னால வரைக்கும் நடுவுல ஒரே நீளத்துக்குத் தூக்கணும், ஓட்டுக்கூரை மாதிரி. நீங்க பின்பக்கம் ஒரு ஓரத்துல மட்டும் கூம்பாக் கேட்டீங்க. இது தண்ணிக்கு உள்ள அளவு இல்ல.

– பொன்னு, உள்ள படுக்கது ஆம்பளை. போதுமா?

– யாரு?

– கேக்காத. வாக்குக் குடுத்திருக்கேன்.

– டாக்டர் வந்து பாத்தா?

– வேலை போகும். அதுக்குள்ள அவனுக்கு ஒரு எடம் பாத்திருவேன்.

– அவனுக்கு வீடு இல்லியா?

– வாங்கன்னு கூப்பிட ஆளு இருக்கு. அந்த ஆளு மொகத்தைப் பாக்க வெக்கப்படுதான். ஏஜெண்டு பாதி வழியில விட்டுட்டுப் போயிட்டான். இதுக்கு மேல என் வாயால வராது.

– எத்தனை நாளாக் கெடக்கான்?

– மழை தொடங்குனதுலேருந்து.

– சரி. இந்தாங்க, ஓரம் முடிஞ்சுது. கயிறு உள்பக்கமே வச்சிருக்கேன்.

– கோபமா?

– என் தம்பி ஏன் போனை வச்சான்னு கேட்டீங்கல்லா. இடி பலமா இருக்கு அக்கா, வச்சிருதேன்னு சொன்னான். இங்க நம்ம கூரை மேல இடிச்ச அதே நேரம்.

– பொன்னு...

– பேசாதீங்க. நீங்க தந்த அளவு பத்தாது, கூம்பை இன்னும் ஒரு சாண் தூக்கியாக்கும் தச்சிருக்கேன். இசக்கிகிட்ட சொல்லுங்க, முட்டு தட்டாதுன்னு.