மூன்று நிமிட அமைதி

பெங்களூரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால், ஓசூரில் நாங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வருவோம். அன்றும் அப்படித்தான் வந்திருந்தேன் சார்.

நான் எழுதிய மென்பொருள் கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலையை நடத்துகிறது. இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று படுத்தால் அடுத்தது கண்சிமிட்டும் நேரத்தில் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஆலை நிற்கவே நிற்காது. அதைச் சொல்லித்தான் விற்கிறோம்.

அதில் ஒரு பிழை இருந்தது. பொறுப்பு கைமாறும்போது ஓர் இயந்திரத்தின் நிலை தெரியாமல் போனால், இரண்டாவது கம்ப்யூட்டர் ‘தெரியவில்லை’ என்று காட்ட வேண்டும். அது ‘நின்றிருக்கிறது’ என்று காட்டியது. ஏப்ரலில் என்னோடு வேலை செய்யும் சுமலதா கண்டுபிடித்தாள். ஒரே வாரத்தில் சரிசெய்துவிட்டேன். ஆனால் திருத்தத்தை ஆலையில் ஏற்றக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால், பிழை யாருடையது என்று கேட்பார்கள். மாம்பழ சீசன் முடியட்டும் என்றேன்.

“அதுக்குள்ள யாராச்சும் கை வெச்சா?” என்றாள்.

என்னைக் கேட்காமல் வைக்க மாட்டார்கள் என்றேன். அது உண்மை.

மாம்பழத்தைக் கூழாக்கும் உருளை நாற்பது விநாடி சுற்றும். பிறகு மூன்று நிமிடம் சத்தமில்லாமல் இருக்கும்; மறுபடி தானாகவே சுற்றும். அதைப் பார்த்து நின்றுவிட்டதென்று நினைக்கக் கூடாது. கொட்டை சிக்கினால் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்ட பிறகே கை வைக்க வேண்டும் என்பது விதி. அரை மணி நேரம் வீணாகும் என்று யாரும் செய்வதில்லை. உருளையைக் கவனிக்கும் திம்மராயன், நிஜமாகவே நின்றிருக்கிறதா என்று எனக்குப் போன் செய்து கேட்பார். “உங்க பொட்டி பொய் சொல்லும் சார், நீங்க சொல்ல மாட்டீங்க” என்று சிரிப்பார்.

ஜூன் பன்னிரண்டு, காலை பதினொன்று பத்து. ஓசூர் அலுவலகத்தில் என் எதிரில், மென்பொருளை வாங்க வந்த பெங்களூர்க்காரர்கள் நாலு பேர். அவர்கள் பார்க்கட்டும் என்று ஆலையின் முதல் கம்ப்யூட்டரை அங்கிருந்தே நானே அணைத்தேன். அந்த நொடியில்தான் உருளை ஒரு சுற்று முடித்திருந்தது; திரையில் பார்த்தேன். இரண்டாவது பொறுப்பெடுத்தது. கைதட்டினார்கள். ஒரு நிமிடம் போனதும் திம்மராயனிடமிருந்து போன் வந்தது. எங்கள் மேனேஜர் முனிராஜ் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“சார், கொட்டை மாட்டிக்கிச்சு. நின்னுருக்குன்னு காட்டுது. கை வுடட்டுமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். அமைதி தொடங்கி ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தது. கொட்டையை எடுக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும்.

“நின்னுதான் இருக்குண்ணா. எடுங்க.”

அவர் போனை அணைக்காமல் கீழே வைத்தார். மூடியைத் திறப்பது எங்கள் அறையில் கேட்டது. ஒரு பாட்டை முனகினார். பிறகு உருளை சுற்றத் தொடங்கியதும் கேட்டது. நாற்பது விநாடி.

அன்று மாலையே திருத்தத்தை ஏற்றி, ஏற்றிய தேதியைப் பதிவில் ஏப்ரல் என்று மாற்றினேன். சுமலதா உங்களிடம் கொடுத்த, நான் மாற்றுவதற்கு முந்தைய பதிவின் நகல் சரியானதுதான். இப்போது அந்த மென்பொருளில் ஒரு குறையும் இல்லை.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன் சார். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கு தப்பவில்லை. அன்று அவர்தான் வழக்கத்தைவிட மெதுவாக வேலை செய்தார்.