ரொட்டி அடுப்பும் ஏழு வரி ஒப்பந்தமும்

கடைத்தெருவின் கண்ணியத்தைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே! இரும்புக் கடை வைத்திருந்தாலும் இளகிய இதயம் படைத்தவர் நம் தலைவர். விலையைக் குறைக்கச் சொன்னால் மட்டும் அந்த இதயமும் கடைச் சரக்காக மாறிவிடும். மேடையை அலங்கரிக்கும் மூத்த வணிகப் பெருமக்களே, என் பேச்சு முடியும்வரை ஒரு கண் அயரலாம் என்று சாய்ந்து அமர்ந்திருக்கும் சான்றோர்களே, முன்வரிசையை முற்றுகையிட்டு, கணவன்மாரைப் பின்வரிசைக்குப் பெயர்த்து அனுப்பிய தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் நின்றபடி என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, உங்கள் ஒவ்வொருவரின் முன்னாலும் கைகூப்பி நிற்கிறேன். நாற்காலி ஏற்பாடு செய்தது நான் அல்ல என்பதையும் இந்த வேளையில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நம் சங்கம் இன்று ஒரு தாளை வெளியிடுகிறது. ஒரே ஒரு தாள். பொருளை வாங்குபவரும் விற்பவரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கான ஒப்பந்த மாதிரி. இதன் பெருமையைப் பேச யாரை அழைத்திருக்கிறார்கள் பாருங்கள். என்னை! இருபத்தாறு ஆண்டுகளாகச் சமையற்கூட இயந்திரங்களுக்குத் தரகு பார்ப்பவன் நான். எழுத்தைக் கண்டால் எட்டடி தள்ளி நிற்பவன். நாக்கே நிலம், நாக்கே ஏர், நாக்கே அறுவடை என்று வாழ்ந்தவன். என் மனைவி சொல்வாள், "உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கலாம்னா, அதுக்கும் நீங்களே தரகு கேப்பீங்க" என்று.

தாய்மார்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருக்கிறது. தனிப்பட்ட அனுபவம் போலிருக்கிறது.

நம் தெருவின் வழக்கம் என்ன? பேசுவோம், தலையை ஆட்டுவோம், ஆளுக்கொரு தேநீர் குடிப்போம், வியாபாரம் முடிந்தது. யாராவது காகிதத்தை எடுத்தால் போதும். "என்ன, என்மேல நம்பிக்கை இல்லையா?" இந்த ஒற்றைக் கேள்வியில் எத்தனை பேனாக்கள் மூடப்பட்டிருக்கின்றன? எத்தனை வாய்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன? பின்னால் அதே வாய்கள் எத்தனை வீடுகளில் வசைமாரி பொழிந்திருக்கின்றன?

வேறு வீடு எதற்கு? என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். மானம் போனாலும் பரவாயில்லை, அது அடிக்கடி வெளியூர் போய் வருவதுதான்.

எனக்கு ஒரு சகலை உண்டு. மாடியில் இனிப்புக் கடை வைத்திருக்கிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடமிருந்த கண்ணாடி வைத்த குளிர்ப்பெட்டி ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். சகலைக்குச் சகலை எழுதுவதா? எழுதவில்லை. கூலியாட்கள் அதைப் படியேற்றும்போது பாதித் திருப்பத்தில் கண்ணாடி கலகலவென்று கொட்டிவிட்டது. மாடிவரை கொண்டுவந்து தருவதாக நான் சொன்னேன் என்கிறார் அவர். தரைத்தளத்தில் இறக்கித் தருவதாகத்தான் சொன்னேன் என்கிறேன் நான். யார் சொல்வது பொய்? அதுதான் வேடிக்கை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவர் காதில் அவருக்கு வேண்டியது விழுந்தது, என் வாயிலிருந்து எனக்கு வேண்டியது வந்தது.

ஒரு கண்ணாடி வாங்கிப் பொருத்துவது பெரிய காரியமா? இல்லை. ஆனால் யார் வாங்குகிறாரோ அவர்தான் குற்றவாளி. ஆகவே நானும் வாங்கவில்லை, அவரும் வாங்கவில்லை. அக்காவும் தங்கையும் தினமும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். நாங்கள் இருவரும் கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் தட்டை ஒருவர் பார்ப்போமே தவிர, முகத்தைப் பார்க்க மாட்டோம். குளிர்ப்பெட்டி இன்றும் அந்தப் படித் திருப்பத்திலேயே நிற்கிறது. இனிப்பு வாங்கப் போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் ஏறுகிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் சற்றே நிமிர்ந்து அமருங்கள். இனி சொல்லப்போவது, இந்த வாயாடியின் வாயை அடைத்த வரலாறு.

நம் தெருவில் ஒரு ரொட்டிக்கார அக்கா இருக்கிறார். உண்மையில் என்னைவிட நாலு வயது இளையவர். இருந்தாலும் அவர் பார்க்கும் பார்வைக்கு அறுபது வயதுக்காரர்கூட அக்கா என்றுதான் அழைப்பார். சின்ன அடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தவருக்குப் பிரசவ மருத்துவமனை ஒன்றிலிருந்து பெரிய வேலை வந்தது. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குக் காலை ரொட்டி, தினமும் முந்நூறு. திங்கட்கிழமை தொடங்க வேண்டும். முதல் நாளே தவறினால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்று மருத்துவமனைச் சமையற்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதை நம்பி, அதுவரை கூடவே பார்த்துவந்த தையல் கம்பெனி வேலையை விட்டார், புதிய கடை பிடித்தார், இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்தார். பெரிய அடுப்புக்கு என்னிடம் வந்தார்.

நான் அவரை அடுப்புக்கார அண்ணனிடம் அழைத்துப்போனேன். முப்பது ஆண்டுகளாக ரொட்டி அடுப்பு செய்பவர். பேச்சு குறைவு, சுத்தியல் சத்தம் அதிகம். மூவரும் கடைக்குப் போய் அறையை அளந்தோம். டேப்பின் ஒரு முனையை நானே பிடித்தேன். சுவருக்குச் சுவர் அளந்தோம், தரைக்கும் கூரைக்கும் அளந்தோம். தேநீர் வந்தது. எனக்கு அத்தோடு வியாபாரம் முடிந்தது. அக்காவோ பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார்.

அண்ணன் முகம் கறுத்தது. நான் வழக்கமான வசனத்தை எடுத்துவிட்டேன். அண்ணன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். அக்கா பேனா மூடியைக் கழற்றியபடியே சொன்னார்:

"நம்பிக்கை இருக்கறதாலதான் எழுதறேன். நம்பாதவங்ககிட்ட நான் எதுக்கு வாங்கணும்?"

முதல் வரியில் அடுப்பின் அளவு. இரண்டாவது வரியில் தகட்டின் தடிமன். மூன்றாவதில் சனிக்கிழமை மதியத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பது. நாலாவது வரிக்கு வந்தபோது, பையன்கள் உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போவார்கள் என்றார் அண்ணன். மாவு பிசைகிற இடத்தில் வெளிச்செருப்பு வரக்கூடாது என்றார் அக்கா. வாசற்படி வரை விற்பவர் பொறுப்பு, படிக்கு உள்ளே வாங்குபவர் பொறுப்பு என்று எழுதினார். ஐந்தாவது, எல்லாத் தட்டிலும் ரொட்டி ஒரே நிறத்தில் வேக வேண்டும் என்பது. அண்ணனுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. தன்னைத் தவிர வேறு யாராவது அடுப்பைப் பிரித்தால் தான் பொறுப்பில்லை என்று ஆறாவது வரியை எழுதச் சொன்னார். அண்ணன் எத்தனை தடவை மூச்சு விடலாம் என்பதையும் எழுதிவிடுங்கள் என்று நான் சொன்னேன். அக்கா பார்த்தார். நான் தேநீர்க் குவளைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஏழாவது வரிதான் எனக்கு விசித்திரமாகத் தெரிந்தது. தகராறு வந்தால், வேறு எதுவும் பேசும் முன் இருவரும் சேர்ந்து இந்தத் தாளைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எழுதிவிட்டு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. லாரி வந்தது. அடுப்பு வந்தது. அதன் அழகென்ன, அதன் பளபளப்பென்ன! ஐந்தடி அகலம், நாலடி ஆழம், என் உயரத்துக்கு உயரம். ஆறு பேர் தம் பிடித்து வாசற்படி வரை சுமந்து வந்தார்கள். குறுக்கே திருப்பினார்கள். நெடுக்கே திருப்பினார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். ஐயா பெரியோர்களே, அந்தக் கடையின் வாசல் மூன்றடி.

அறையை அளந்த மூன்று மேதைகளும் வாசலை அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை? அந்த வாசல் வழியாகத்தானே உள்ளே போனோம்! என் உடம்பே நுழைந்த வாசலில் எதுதான் நுழையாது என்று நான் நினைத்திருந்தேன்.

சுவரை இடிக்கலாமா? மாடியிலிருந்து எட்டிப்பார்த்த கட்டட உரிமையாளர், ஒரு செங்கல் அசைந்தாலும் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பழைய அடுப்பை அக்கா முந்தின நாளே விற்றுவிட்டார். இடையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவை அடைத்துக்கொண்டு லாரி நிற்கிறது, பின்னால் வண்டிகள் அலறுகின்றன, தையற்காரர் ஊசியைக் கையில் பிடித்தபடியே வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

நான் என்ன செய்தேன்? தரகு தர்மப்படி நடந்தேன். அக்காவின் காதருகே போய், அளந்தவர் அண்ணன்தானே, சத்தம் போடுங்கள் என்றேன். அண்ணனின் காதருகே போய், வாசல் அந்த அம்மாவுடையது, நீங்கள் வண்டியைக் கிளப்புங்கள் என்றேன். இரண்டு காதிலும் இரண்டு ஓதல். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டவன் தரகன் ஆக முடியுமா?

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறு பையன்களும் அவர் வாயைப் பார்த்தார்கள். ஒரு சண்டை பிறக்கப்போகிற சமயத்தில் தெருவுக்கு ஒரு வாசனை வரும் பாருங்கள், அது வந்துவிட்டது. அப்போது அக்கா நோட்டைத் திறந்தார்.

"ஏழாவது வரிண்ணே. வாங்க, வாசிப்போம்."

வாசித்தார்கள். நடுத்தெருவில், வண்டிச் சத்தத்துக்கு நடுவே, ஒரு பெண்ணும் ஓர் ஆணும் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்கள். அண்ணன் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசிப்பார். முதல் வரி சரி. இரண்டாவது சரி. மூன்றாவது சரி. நாலாவது வரியில் அக்காவின் குரல் நின்றது. அண்ணனின் விரலும் நின்றது.

எழுதச் சொன்னது யார்? அக்கா. எழுதியது யார்? அக்கா. அந்த வரி இப்போது யாரைப் பார்த்துப் பேசுகிறது? அந்த அக்காவைப் பார்த்துத்தான். தாளைக் கிழித்திருக்கலாம். அதற்கு அப்படி அர்த்தமில்லை என்று வாதாடியிருக்கலாம். அழுதிருந்தால் தெருவே அவர் பக்கம் நின்றிருக்கும். அவர் ஆறாவது வரியையும் வாசித்து முடித்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்:

"படிக்கு உள்ளே என் பொறுப்புன்னு நான்தான் எழுதினேன். உங்க வேலை முடிஞ்சுதுண்ணே. வண்டியை எடுங்க."

நோட்டை அண்ணன் கையில் கொடுத்தார். 

எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச ஒன்றும் இல்லை. தோற்றுப்போகும்போதும் தன் எழுத்துக்கு ஒருவர் இப்படித் தலைவணங்க முடியுமா? ஊதினால் பறக்கும் ஒரு நோட்டுத்தாள், ஆறு பேர் அசைக்க முடியாத அடுப்பைவிடக் கனமாக அந்த வாசலில் நின்றதே, அதைக் கண்ட கண்கள் இவை.

அண்ணன் போகவில்லை. தாளை இன்னொரு முறை பார்த்தார்.

"நாலாவது வரி என்னைப் போகச் சொல்லுது. அடுப்பைப் பிரிக்கறதைப் பத்தின ஆறாவது வரியும் என்னைக் கூப்பிடலை," என்றார். "அப்போ என்மேல தப்பு இல்லை, சரிதானேம்மா?"

"இல்லைண்ணே."

"அப்போ நான் இப்போ செய்யறது தண்டம் இல்லை. எனக்காத் தோணிச் செய்யறது."

செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்தார். லாரியிலிருந்து ஸ்பேனர் பெட்டியை வரவழைத்தார். முதல் மரையாணியை அவரே கழற்றினார்.

நண்பர்களே, நன்றாகக் கவனியுங்கள். அந்தத் தாள் இல்லையென்றால் அண்ணன் ஸ்பேனரைத் தொட்டிருப்பாரா? தொட்டிருந்தால் வாசலை அளக்காதது தன் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகும். கெஞ்சியிருந்தால் தன் தப்பு என்று அக்கா ஒப்புக்கொண்டதாகும். யார் பொறுப்பு என்று தாள் சொல்லி முடித்துவிட்டது. அதன் பிறகு அங்கே சண்டைக்கு வேலை இல்லை, மனசுக்குத்தான் வேலை. கட்டுப்படுத்துவது மட்டும்தான் ஒப்பந்தம் என்று நினைத்திருந்தேனே! கட்டவிழ்த்தும் விடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வெளித்தகடு தனி, கதவுகள் தனி, அடுக்குகள் தனி, உள்ளே பதித்த கற்கள் தனித்தனி. துண்டு துண்டாகப் படி கடந்தது அந்த அடுப்பு. தையற்காரர் மரையாணிகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார். நான்கூடக் கல் சுமந்தேன். இரண்டு கல். மூன்றாவது கல்லுக்கு என் இடுப்பு சம்மதிக்கவில்லை. ஞாயிறு மதியம் அடுப்பு உள்ளே முழுசாக நின்றது. ஐந்தாவது வரிப்படி சோதனை ரொட்டி போட்டார்கள். மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு எல்லாம் ஒரே பொன்னிறம். திங்கட்கிழமைக் காலை முந்நூறும் மருத்துவமனைக்குப் போயின. ஆனால் நான் முடிக்க விரும்புவது திங்கட்கிழமையில் அல்ல, அந்த ஞாயிறு மதியத்தில்.

கூலி எதுவும் வாங்க மறுத்துவிட்டு அண்ணன் கிளம்பினார். அக்கா அவரை உட்காரச் சொல்லிவிட்டு நோட்டை எடுத்தார். அண்ணனுக்குச் சுருக்கென்றது.

"இதுக்குமாம்மா பேப்பர்?"

அக்கா குனிந்து எழுதினார். கிழித்துக் கொடுத்தார். அண்ணன் விரல் வைத்து வாசித்தார்: 'நாலாவது வரிப்படி இது இவர் வேலை இல்லை. ஆறாவது வரிப்படியும் இல்லை. இருந்தும் ஒரு நாள் முழுக்கச் செய்தார். நான் இதை மறக்கக்கூடாது.' கீழே அக்காவின் கையெழுத்து. தனக்கு எங்கே இடம் என்று அண்ணன் தேடினார்.

"உங்க கையெழுத்து வேணாம்ணே. இதுல கட்டுப்பட்டது நான் மட்டும்தான்."

அந்த மனிதர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வைத்துவிட்டு வெளியே எடுத்தார். மறுபடி ஒருமுறை வாசித்தார்.

"முப்பது வருஷமா அடுப்பு செய்யறேன்," என்றார் என்னிடம். "இதுவரைக்கும் எனக்கு எழுத்துல வந்ததெல்லாம் புகார்தான்."

தலைவர் அவர்களே, தாள்கள் அந்த மேசைமேல் இருக்கின்றன. ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள், அளவுகளை அதில் அழகாக எழுதுங்கள், வாசலையும் சேர்த்து அளந்துவிடுங்கள். இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் காதுகளுக்கும், இடையில் எழுந்து போகாத கால்களுக்கும் நன்றி. பெற்றுக்கொண்ட நிலையிலேயே, சேதாரம் ஏதுமின்றி, இந்த ஒலிவாங்கியைத் தலைவரிடம் ஒப்படைக்கிறேன். எல்லோருக்கும் வணக்கம்.